டியூப் மானிட்டரை இன்னும் தேடுகிறவர்கள்

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சோனி நிறுவனம் ஜிடிஎம்-எஃப்டபிள்யூ900 என்ற கணினித் திரையை விற்றுவந்தது. 24 அங்குல அகலத்திரை. எடை 42 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையைவிட எட்டு கிலோதான் குறைவு. 2304-க்கு 1440 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் நொடிக்கு 80 முறை படம் வரையும். உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் இன்று அது நல்ல நிலையில் கிடைத்தால் புதிய தட்டைத்திரையின் விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. பழைய பொருள்மீது வரும் பிரியம் மட்டுமே இதற்குக் காரணம் என்று ஒதுக்கிவிடலாம். கொஞ்சம் கவனித்தால் அப்படி ஒதுக்க முடியவில்லை. டியூப் மானிட்டருக்காக வாதாடுகிறவர்கள் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை காலாவதியானவை; சில எப்போதுமே பொய். ஆனால் ஒன்று மட்டும் முழுக்க உண்மை. அந்த ஒன்று நிறத்திலோ கூர்மையிலோ இல்லை, நேரத்தில் இருக்கிறது.

1897-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த எதிர்முனைக் கதிர்க்குழாய்தான் இதன் மூலம். கம்பியில்லாத் தந்தியில் செய்த பணிக்காக 1909-இல் மார்க்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவையின் கழுத்தில் சூடேற்றிய ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் புறப்படுகின்றன. ஏறத்தாழ 25,000 வோல்ட் அழுத்தம் அவற்றை முன்னால் இழுக்கிறது. கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் எனப்படும் செம்புச் சுருள் காந்தப்புலத்தால் அந்தக் கதிரை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் வளைக்கிறது. கதிர் படும் இடத்தில் கண்ணாடியின் உட்புறப் பாஸ்பர் பூச்சு ஒளிர்கிறது. வண்ணத்துக்கு மூன்று கதிர்கள். சிவப்பு, பச்சை, நீலப் பூச்சுகளில் தத்தமக்கு உரியதில் மட்டும் அவை விழுவதற்கு நடுவே ஒரு மெல்லிய உலோகத் தடுப்பு. அந்தத் தடுப்பில் துளைகளுக்குப் பதில் செங்குத்தான கம்பிகளை வைத்தது 1968-இல் வந்த சோனியின் டிரினிட்ரான். அந்தக் கம்பிகள் அதிராமல் இருக்கக் குறுக்கே ஒன்றிரண்டு மெல்லிய இழைகளைக் கட்டியிருப்பார்கள். வெள்ளைத் திரையில் அவற்றின் நிழல் மங்கிய கோடாகத் தெரியும். ‘மானிட்டரில் கீறல்’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

இதில் முக்கியமான செய்தி, கதிர் நகர்ந்ததும் பூச்சு அணைந்துவிடும் என்பது. ஒரு புள்ளி ஒளிர்ந்து மங்குவதற்கு ஒன்றிரண்டு மில்லிசெகண்ட்தான் ஆகிறது. ஆகவே டியூப் திரையின் பெரும்பகுதி பெரும்பாலான நேரம் இருட்டாகவே கிடக்கிறது. மேலிருந்து கீழாக ஓடும் ஓர் ஒளிப்பட்டையை நம் கண்தான் முழுப்படமாகச் சேர்த்துக்கொள்கிறது.

எல்சிடி வேலை செய்யும் விதமே வேறு. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் அந்த ஒளியை எவ்வளவு விடலாம் என்று தீர்மானிக்கும் ஒரு சிறு கதவு. ஒருமுறை திறந்த கதவு அடுத்த படம் வரும்வரை அப்படியே நிற்கும். நொடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிசெகண்ட் அசையாமல் நிற்கிறது. நிற்கும் படத்தைப் பார்க்க இதைவிடச் சிறந்தது வேறில்லை. ஓடும் பொருளைப் பார்க்கும்போதுதான் சிக்கல். திரையில் ஒரு பொருள் நொடிக்கு 960 புள்ளி வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கண்விழி அதைத் தொடர்ந்து வழுக்கிக்கொண்டே போகும். படமோ 16.7 மில்லிசெகண்ட் ஒரே இடத்தில் நின்று, பிறகு சட்டென்று 16 புள்ளி தாண்டும். நகரும் விழித்திரையில் நிற்கும் படம் 16 புள்ளி அகலத்துக்கு இழுபட்டு விழும். அதுதான் கலங்கல். டியூபில் அதே பொருள் ஒரு மில்லிசெகண்ட் மின்னி மறைவதால் கலங்கல் ஏறத்தாழ ஒரு புள்ளி அளவுதான்.

புள்ளிகள் நிறம் மாறும் வேகம் போதாததால்தான் கலங்கல் என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்க காலத்தில் அதுவும் ஒரு காரணம். ஆனால் புள்ளி கண நேரத்தில் நிறம் மாறினாலும், படம் நின்றுகொண்டிருக்கும்வரை இந்தக் கலங்கல் போகாது. மிக வேகமாக நிறம் மாறும் ஓஎல்இடி திரையிலும் 60 படத்துக்கு இது அப்படியே தெரியும். டியூப் ஆதரவாளர்களின் வாதத்தில் அசைக்க முடியாத பகுதி இதுதான்.

2003 வாக்கில் ஒருவர் டியூப் மானிட்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்றால், அது பழமைப்பிடிப்பு அல்ல, சரியான கணக்கு. அன்றைய எல்சிடிகள் 25 மில்லிசெகண்ட், 16 மில்லிசெகண்ட் என்று விளம்பரப்படுத்திய மறுமொழி நேரம் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போய்வருவதற்கானது. சாம்பல் நிறங்களுக்கிடையே மாற அதைவிட நேரம் பிடித்தது. மலிவான திரைகள் ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் ஆறு பிட் அளவே காட்டின. மொத்தம் 2,62,144 நிறங்கள். மீதியை அருகருகே புள்ளிகளை மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளித்தன. தலையைச் சற்றுத் தாழ்த்தினால் படத்தின் நிறம் மாறியது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, 17 அங்குல எல்சிடியில் புள்ளிகளின் எண்ணிக்கை 1280-க்கு 1024 என்று நிலையாக இருந்தது. 800-க்கு 600 அளவில் ஓடும் விளையாட்டை அதில் போட்டால் எழுத்தும் படமும் சோறு குழைந்த மாதிரி ஆகிவிடும். டியூபுக்கு அப்படிச் சொந்த எண்ணிக்கை கிடையாது. கதிரை எத்தனை கோடாகச் செலுத்துகிறோமோ அத்தனை கோடு. கணினியின் வலுவுக்கு ஏற்ப நுணுக்கத்தைக் குறைத்துக்கொண்டாலும் படம் இயல்பாகவே இருக்கும். குவேக் விளையாட்டை எழுதிக்கொண்டிருந்த ஜான் கார்மாக் 1990-களின் நடுவில் 28 அங்குல இன்டர்கிராஃப் டியூப் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. 1920-க்கு 1080 புள்ளிகள், எடை சுமார் 45 கிலோ. மேசைத் தட்டைத்திரைகள் அந்த நுணுக்கத்தைச் சாதாரணமாகத் தொடுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

இனி, பொய்யாகவோ அரைகுறையாகவோ சொல்லப்படும் காரணங்கள்.

டியூபின் கறுப்புக்கு இணையில்லை என்பார்கள். இருட்டறையில், திரை முழுக்கக் கறுப்பாக இருக்கும்போது இது உண்மை. கதிர் விழாத பூச்சு ஒளிராது. எல்சிடியிலோ கதவு மூடினாலும் பின்விளக்கு கசியும். சாதாரண ஐபிஎஸ் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆயிரத்துக்கு ஒன்றுதான் விகிதம். ஆனால் அதே டியூப் திரையில் ஒரு மூலையில் வெள்ளைக் கட்டத்தைக் காட்டினால், தடித்த கண்ணாடிக்குள் ஒளி சிதறி அக்கம்பக்கக் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். பகல் வெளிச்சத்தில் நிலைமை இன்னும் மோசம். அணைத்து வைத்த டியூபின் முகமே சாம்பல் நிறம்தான். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டால் காட்டும் கறுப்பும் அதே சாம்பல்தான். ஒளிர்வும் சதுர மீட்டருக்கு 100 கேண்டலா அளவில் நின்றுவிடும். எல்சிடி 250, 300 என்று போகும். நம் ஊர் முன்னறைகளில், மதிய வெயிலில், டியூபின் கறுப்பைப் புகழ்கிறவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பேசுகிறார் என்றே பொருள்.

அடுத்தது கண். டியூப் கண்ணைக் கெடுக்கும் என்று ஒரு கட்சி, எல்சிடிதான் கண்ணைக் கெடுக்கிறது என்று எதிர்க்கட்சி. இரண்டுக்கும் துளி உண்மை உண்டு. டியூப் மின்னுகிறது. நொடிக்கு 60 முறை என்றால் பலருக்குக் கடைக்கண்ணில் அது தெரியும். 85 முறை என்றால் பெரும்பாலோருக்குத் தெரியாது. நல்ல மானிட்டர்கள் 85-ஐத் தாராளமாகக் காட்டின. ஆனால் விண்டோஸ் தானாகத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் 60. அமைப்புகளுக்குள் போய் மாற்ற வேண்டும் என்று அலுவலகங்களிலும் பிரௌசிங் சென்டர்களிலும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு தலைமுறையின் தலைவலியில் கணிசமான பகுதிக்கு மானிட்டரைவிட அந்த ஓர் எண்ணே பொறுப்பு என்பது என் கணிப்பு. மறுபக்கம், மின்னாது என்று வாங்கும் எல்இடி பின்விளக்குத் திரைகளில் சில, ஒளியைக் குறைப்பதற்கு விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. சிலருக்கு அது உறுத்துகிறது.

கதிர்வீச்சுப் பயமும் அந்தக் காலத்தில் பெரிதாக இருந்தது. மானிட்டரின் முகத்தில் மாட்டும் கறுத்த கண்ணாடி நம் கணினிக் கடைகளில் நன்றாக விற்றது. எலக்ட்ரான்கள் தடுப்பிலும் பூச்சிலும் மோதும்போது எக்ஸ் கதிர் உண்டாவது நிஜம். அதைத் தடுக்கத்தான் குழாயின் முகப்பில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும், பின்பக்கப் புனலில் ஈயமும் கலந்த கண்ணாடி. வெளியில் மாட்டிய கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைத்தான் குறைத்தது. மின்காந்தப் புலங்களுக்கு சுவீடன் 1990 வாக்கில் கொண்டுவந்த எம்பிஆர்-2, பிறகு வந்த டிசிஓ தரங்கள் ஆகியவற்றுக்கு ஏற்ப உலகமெங்கும் மானிட்டர் செய்கிறவர்கள் மாறிக்கொண்டார்கள்.

எழுத்து வாசிக்க டியூப் நல்லது என்று சொல்கிறவரை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. தட்டைத்திரையில் ஒரு புள்ளி வைத்த இடத்தில் இருக்கிறது. டியூபில் மூன்று கதிர்களும் நடுவில் ஒன்றாக விழுந்தாலும் மூலைகளில் சற்றே பிரியும். எழுத்தோரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். நேர்கோடு ஓரத்தில் வளையும். பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தால் நிறத் திட்டு விழும். பொத்தானை அழுத்தி ‘டொய்ங்’ என்ற சத்தத்தோடு காந்தநீக்கம் செய்ய வேண்டும். சுழிகள் நெருங்கிய ணு, ஞு போன்ற தமிழ் எழுத்துகளைச் சிறிய அளவில் நாள் முழுக்கப் படிக்கிறவர் நல்ல நுணுக்கமுள்ள தட்டைத்திரையை விட்டு டியூபுக்குப் போகக் காரணமே இல்லை.

மின்சாரக் கணக்கு எளிது. 21 அங்குல டியூப் சுமார் 120 வாட் இழுக்கும். இன்றைய 24 அங்குல எல்இடித் திரைக்கு 25 வாட் போதும். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று போட்டால் வித்தியாசம் 228 யூனிட். அத்தனையும் அறைக்குள் வெப்பமாக இறங்குகிறது. ஏசி இருந்தால் அதை வெளியேற்ற இன்னும் கொஞ்சம் மின்சாரம்.

இவ்வளவுக்குப் பிறகும் டியூபே சரியான விடையாக இருக்கும் இடங்கள் உண்டு. முதலாவது, டியூபுக்காகவே வரையப்பட்ட படங்கள். 1980-களின், 90-களின் வீடியோ விளையாட்டுகளை வரைந்தவர்கள் தம் புள்ளிகள் கூர்மையான சதுரங்களாகத் தெரியும் என்று நினைத்து வரையவில்லை. சேகாவின் சோனிக் விளையாட்டில் வரும் அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் செங்குத்துக் கோடுகள் அவை. பழைய வீடியோ கம்பி வழியாக டிவிக்குள் போகும்போது அடுத்தடுத்த புள்ளிகள் கலந்து, பின்னால் உள்ள பாறை தெரியும் மெல்லிய நீராக மாறின. தட்டைத்திரையில் அது வெறும் கோடு போட்ட தாள். நின்டெண்டோவின் துப்பாக்கி விளையாட்டில் சுடும்போது திரை கண நேரம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். துப்பாக்கியில் உள்ள ஒளியுணரி அதைப் பார்க்கும். அந்த மின்னலைத் தாமதித்துக் காட்டும் எல்சிடியில் வாத்து சாகவே சாகாது. 2001-இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ ஆட்டத்தின் போட்டிகளுக்கு இன்றும் ஆட்கள் பழைய டிவிகளைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்றால், அங்கே காரணம் அழகு இல்லை. பொத்தானை அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் இடையில் டியூப் தன் பங்குக்கு எந்தத் தாமதமும் சேர்ப்பதில்லை.

இரண்டாவது இடம் ஆய்வுக்கூடம். மனிதப் பார்வையை ஆராய்கிறவர்களுக்கு ஒரு படம் எந்த மில்லிசெகண்டில் தோன்றி எந்த மில்லிசெகண்டில் மறைந்தது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். கடைகளில் டியூப் மறைந்த பிறகும் அவர்கள் தங்களிடம் இருந்தவற்றைப் பாதுகாத்து ஓட்டினார்கள். அவர்களுக்கென்றே தனியாக வடிவமைத்த விலையுயர்ந்த எல்சிடிகள் வந்த பிறகுதான் மெல்ல விட்டார்கள்.

தட்டைத்திரை வென்ற பிறகும் டியூபின் சட்டம் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருக்கிறது. 1996-இல் மைக்ரோசாஃப்டும் எச்பியும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி நிற முறை அன்றைய டியூப் மானிட்டர்களை அளவுகோலாகக் கொண்டது. உங்கள் கைப்பேசிப் படங்கள் பலவும் இன்னும் அதில்தான். 2011-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பிடி.1886 பரிந்துரை, தொலைக்காட்சித் தட்டைத்திரைகள் ஒளியை எந்த வளைகோட்டில் ஏற்றி இறக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வளைகோடு டியூபின் இயல்பைப் பார்த்து எழுதியது.

டியூபின் நற்குணத்தைத் தட்டையான உடம்பில் புகுத்தும் முயற்சிகளும் நடந்தன. கேனனும் தோஷிபாவும் சேர்ந்து எஸ்இடி என்ற திரையை உருவாக்கின. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நுண்ணிய எலக்ட்ரான் உமிழி. அதாவது பல லட்சம் குட்டி டியூப்கள். எல்சிடி விலை சரிந்த வேகத்தில் அது கடைக்கு வரவே இல்லை. 2010-இல் கேனன் அதற்கான நிறுவனத்தைக் கலைப்பதாக அறிவித்தது. இன்னொரு வழி எளியது. எல்சிடியின் பின்விளக்கை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மின்னலாக மட்டும் ஏற்றி அணைப்பது. கலங்கல் குறைகிறது, ஒளியும் குறைகிறது, கூடவே டியூபின் பழைய மின்னலும் திரும்பி வருகிறது. மெய்நிகர் உலகக் கண்ணாடிகளில் இது கட்டாயமாகிவிட்டது. 2013-இல் வந்த ஆக்குலஸின் முதல் உருவாக்கக் கருவியில் தலையைத் திருப்பினால் உலகமே கரைந்தது. 2014-இல் வந்த அடுத்ததில், ஒவ்வொரு படமும் கண நேரம் மின்னி மறையும்படி செய்த பிறகுதான் அது தெளிந்தது. டியூப் நூறாண்டாகத் தன்னையறியாமல் செய்துவந்ததை இங்கே திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது நொடிக்கு 240, 480 படம் காட்டும் ஓஎல்இடி மானிட்டர்கள் கிடைக்கின்றன. 480 என்றால் ஒவ்வொரு படமும் 2.1 மில்லிசெகண்ட் நிற்கிறது. டியூபுக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. ஆனால் அதற்கு விளையாட்டே நொடிக்கு 480 படம் தர வேண்டும். 60 படத்துக்கு எழுதப்பட்ட பழைய ஆட்டத்துக்குப் பயனில்லை. அந்த இடைவெளியை அடைக்க, ஒரு படத்தைப் பல துண்டுகளாக்கி டியூபின் கதிர் ஓடுவதைப் போலவே மேலிருந்து கீழாக ஒளியேற்றும் மென்பொருள் 2024 டிசம்பரில் வெளிவந்தது. இந்தப் பாதை இன்னும் சில ஆண்டில் டியூபின் கடைசி வாதத்தையும் வாங்கிவிடும் என்றே நினைக்கிறேன்.

வாங்குவதென்று முடிவு செய்தவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. புதிய டியூப் இனி வராது. கிடைப்பதெல்லாம் ஓடித் தேய்ந்தவை. எலக்ட்ரான் உமிழும் முனை தேயத் தேயப் படம் மங்கி, நிறம் ஒரு பக்கம் சாயும். கெபாசிட்டர் உப்பினால் மாற்றலாம். ஈஎச்டி எனப்படும் உயரழுத்த மின்மாற்றி எரிந்தால் அதே மாடலுக்குரியது தேட வேண்டும். பிக்சர் டியூபே போனால் முடிந்தது. இவற்றைக் கையாளத் தெரிந்த டிவி மெக்கானிக்குகளுக்கும் வயதாகிவிட்டது. இணைப்பும் தொல்லைதான். என்விடியாவின் 2016-ஆம் ஆண்டு ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து அதன் கிராஃபிக்ஸ் கார்டுகளில் அனலாக் சமிக்ஞை வெளியே வருவதில்லை. இடையில் ஒரு மாற்றி வேண்டும், அதன் தரமே படத்தின் எல்லையைத் தீர்மானிக்கும். டிவியும் மானிட்டரும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்கவும். நம் ஊர் டிவி நொடிக்கு 15,625 கோடு வரைவது. கணினியின் விஜிஏ 31,000-க்கு மேலே தொடங்குகிறது. பழைய விளையாட்டுப் பெட்டிக்கு டிவி, பழைய கணினி விளையாட்டுக்கு மானிட்டர். டிவிக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை: 2006 முதல் 2011 வரை அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். பரணிலும் பழைய இரும்புக் கடையிலும் இன்னும் கிடப்பவை உண்டு. சென்னையில் ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியை ஓட்ட விரும்புகிறவர் ஜப்பானிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை.

தூக்கிப் போடுவதில்தான் கவனம் வேண்டும். டியூபின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. டியூப் தயாரிப்பு நடந்தவரை பழைய கண்ணாடியை உருக்கிப் புதிய டியூப் செய்தார்கள். இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. செம்புக்காக யோக்கைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடியைக் குப்பைமேட்டில் உடைத்துவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. 2012-இல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளிலிருந்தே தொலைக்காட்சியும் மானிட்டரும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் போக வேண்டியவை. பழைய தட்டைத்திரைகளும் இதற்கு விலக்கல்ல, அவற்றின் பின்விளக்குக் குழல்களில் பாதரசம் இருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. எழுத, படிக்க, படம் பார்க்க, கணக்குப் போட தட்டைத்திரையே போதும். அதில் இனி விவாதம் இல்லை. 2000-ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னுமாக வந்த விளையாட்டுகளை அவை எப்படித் தெரிய வேண்டுமென்று வரையப்பட்டனவோ அப்படிப் பார்க்க ஆசைப்படுகிறவர் ஒரு டியூப் வைத்துக்கொள்ளலாம். அதற்கு எஃப்டபிள்யூ900 தேவையில்லை, 17 அங்குலச் சாதாரண மானிட்டரே போதும். பெரும் பணம் கொடுக்காதீர்கள், ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள்: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் டியூப் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும்.